விழுப்புரத்து வாசலில் கறுத்துப்போன படம்

அன்புள்ள ஏகாம்பரத்துக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவன்தான் நீ எழுதியதைப் போல எழுதுவான். உன் கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. உன் அப்பா அதைச் சத்தமாகப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "நீயே பதில் எழுதிடும்மே, எனக்கு வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். காமிராவில் படம் பதிகிற கண்ணாடி பிளேட் கிடையாது, எதிரே உட்கார ஆளும் கிடையாது. சண்டை வரும்போதெல்லாம் அவர் ஒளிந்துகொள்கிற இடம் அது. எனக்கு அப்படி ஒரு துணி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ இரண்டு வழி சொல்லியிருக்கிறாய். உனக்குப் பார்த்திருக்கிற கிளியனூர்ப் பெண் அஞ்சலையின் படத்தை நல்ல நிழலில் வைத்து, "கொஞ்சம் சிவப்பாக" இன்னொரு பிரிண்ட் போட்டு அனுப்பினால் அத்தையின் வாயை அடைக்கலாம் என்பது ஒன்று. முடியாவிட்டால் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பெண்ணின் படத்தை விழுப்புரத்தில் தெருவாசலில் வைத்துப் பார்த்தவர்கள், அவளைப் பற்றிய கடிதத்தையும் அதே வாசலில் வைத்துப் படிக்கட்டும். உன் அத்தைக்கு எழுத்து தெரியாது என்றால் நீயே உரக்கப் படித்துக் காட்டு.

நடந்தது என்னவென்று உனக்கே முழுதாகத் தெரியாது. நீ அன்று ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் இருந்தாய். யுத்தம் வந்ததிலிருந்து ரயில்வேக்காரனுக்கு லீவு என்பது கனவாகிவிட்டது. பெண் பார்க்கக்கூட உன்னால் வர முடியவில்லை. படம் அனுப்பினால் போதும் என்று நீதான் சொன்னாய். ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும், ஜல்தியாக அனுப்பு என்று உன் அத்தை ஆள் மேல் ஆள் விட்டாள். அப்போது எங்களிடம் படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ உப்பு ஒரு சிட்டிகைகூட இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹைப்போத் தண்ணீரில் ஊறாத படம் பாதி வெந்த சோறு மாதிரி. பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் அதன் மேல் பட்ட வெளிச்சம் வேலையை நிறுத்தாது. பகலில் வெளியே வைத்தால் பார்க்கப் பார்க்கக் கறுத்துக்கொண்டே போகும். அதனால்தான் கறுப்புக் காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, "விளக்கு வைத்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள், ஹைப்போ வந்ததும் நல்ல படம் தருகிறேன்" என்று சொல்லி உன் அப்பாவைப் பாசஞ்சர் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

உன் அப்பா விழுப்புரத்தில், நீ தங்கியிருக்கிற உன் அத்தை வீட்டில் போய் இறங்கினார். உன் அத்தை பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னாண்ணா இது, பலகாரப் பொட்டலமாட்டம் சுத்திக்கினு வந்துக்கிற?" என்றாளாம். விளக்கு வைத்ததும் பார்க்கலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். "பொண்ணப் பட்டப்பகல்ல பாக்கக் கூடாதா? அப்படி இன்னாத்த ஒளிச்சி வைக்கிறீங்க?" என்று அவள் பிரித்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஹைப்போ காணாத படம் முதலில் செந்நிறமாகத்தான் இருக்கும். "அட, நல்லாச் செவப்பாத்தான் இருக்கா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதை மறக்காதே. ஒரு தம்ளர் காப்பி குடித்து முடிக்கிற நேரம், உன் அத்தையின் கண்ணுக்கு அஞ்சலை சிவப்பு. பிறகு படம் எதிர்வீட்டுக்குப் போனது, அங்கிருந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனது. குழாயடியில் யாரோ, "யக்கா, இது கருத்துக்கினே போவுதே" என்று கத்த, எல்லோரும் ஓடி வந்து பார்க்க, பார்க்கப் பார்க்க இன்னும் கறுத்தது. நாள் முடிந்து நீ வீடு வந்து சேர்ந்தபோது அது ஒரு கரிய காகிதம். "தாலி கட்றதுக்கு மின்னாடியே கருத்துப்போச்சி, சகுனம் சரியில்ல" என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. நீயும் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டாய். ஏகா, நீ அந்தப் பெண்ணின் முகத்தையே பார்க்கவில்லை. பார்க்காத முகத்தைத்தான் வேண்டாம் என்கிறாய்.

நிழலில் வைத்துப் போடு என்று எனக்கு வழி சொல்கிறாயே, நீ பிறந்து வளர்ந்தது திண்டிவனத்தில், ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள். ஆனாலும் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், கேள். யுத்தத்தால் சீமைக் காகிதம் வருவது நின்றதிலிருந்து, நானே காகிதம் தயார் செய்கிறேன். நல்ல கெட்டிக் காகிதத்தில் கஞ்சி தடவி, மரக்காணம் உப்பைக் கரைத்து நனைத்துக் காயவைத்து, அதன் மேல் வெள்ளி மருந்து பூசினால் தீர்ந்தது. கண்ணாடி பிளேட்டோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி மாடியில் வெளிச்சத்தில் வைப்பேன். உன் அப்பா படம் எடுக்கிறவர், படத்துக்கு நிறம் கொடுக்கிறவள் நான். இந்தப் பெருமையை நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

வெளிச்சம் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் மாடிக்கு வந்து பார்க்க வேண்டும். சித்திரை வெயில் உச்சியில் நிற்கும்போது சட்டத்தை வைத்தால் படம் சட்டென்று ஏறிவிடும், செங்கல் பொடி போன்ற நிறத்தில் வரும். அதே பிளேட்டை, அதே காகிதத்தை, வெயில் படாத சுவரோரம் வானத்தின் வெளிச்சம் மட்டும் படும்படி வைத்தால், மெதுவாக ஏறும். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஓர் ஊதா ஓடும், இருளும் வெளிச்சமும் அழுத்தமாகப் பிரியும். ஐப்பசி மூட்டத்தில் இன்னொரு நிறம். அது மேகத்தின் வேலையா, காகிதத்தில் இறங்கிய ஈரத்தின் வேலையா என்று எனக்கு இன்னும் தெரியாது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் முன்னால் வைத்தால் காகிதம் உம்மென்று உட்கார்ந்திருக்கும், அசையாது. உங்கள் விழுப்புரத்து ஸ்டுடியோவில் கரண்ட் பல்பு வைத்து வேறு காகிதத்தில் போடுகிறார்களே, அந்தப் படங்களில் எல்லோரும் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர்கள் போல இருப்பார்கள். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும், ஆள் மாற மாட்டாள். இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான், இதற்கு மேல் படிக்கவும் ஒன்றுமில்லை.

"சிவப்பு" என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது கண்டமங்கலத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்து படம் எடுத்தார். போகும்போது என்னிடம் வந்து, "எம்பொண்ண நல்லாச் செவப்பாப் போட்டுக் குடும்மா" என்றார். நான் புதிதாகத் தொழில் பழகிய காலம். சிவப்பு வேண்டும் என்றால் உச்சி வெயில்தானே? மாடியின் நடுவில் சட்டத்தை வைத்து, பழுக்கக் காய்ச்சியதைப் போல ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். மனிதர் மறுநாளே திரும்பி வந்தார். "பொண்ணச் செவப்பாக் கேட்டா செங்கல்லாட்டம் குடுத்துட்டியேம்மா" என்று ஸ்டுடியோ வாசலில் நின்று ஒரே பேஜாரு பண்ணினார். உன் அப்பா கறுப்புத் துணிக்குள் போய்ச் சிரித்தார். துணி குலுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் ஊரில் சிவப்பு என்றால் சிவப்பு இல்லை, வெளுப்பு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். நெருப்பும் மிளகாயும் சிவப்பு, இந்த வெளிறிய தோலும் சிவப்பு என்றால், அந்தச் சொல்லைப் போல ஏமாற்றுக்காரச் சொல் வேறு உண்டா? அன்று அந்தப் பெண் மட்டும் படத்தை வாங்கிப் பார்த்து, "இது நல்லாத்தாம்பா இருக்கு" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

வெளுப்பாகப் போடவும் எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. காகிதம் முழுதாக ஏறும் முன்னே சட்டத்தைப் பிரித்துவிட்டால் போதும், முகம் வெளுத்து வரும். ஆனால் முகத்தோடு மற்றதும் போகும். தலையிலிருக்கும் மல்லிகை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், புடவையின் கொசுவம் காணாமல் போகும். அல்லது பிளேட்டின் மேலேயே முகத்துக்குப் பென்சில் பூசலாம். பிளேட்டில் பென்சில் பட்ட இடத்தில் வெளிச்சம் தடைபட்டு, காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். அந்த வித்தை நம் வீட்டிலேயே ஒருமுறை நடந்தது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று உன் அத்தை பாவாடை கட்டிய சிறுமி. வாசற்படியில் நின்றுகொண்டு, "அண்ணி கருப்பு" என்று ஊர் கேட்கச் சொன்னாள். சின்னப் பிள்ளை, பெரியவர்கள் பேசியதைத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்கு அதற்காகக் கோபம் இல்லை. உன் அப்பா சமாதானப் பிரியர். எங்கள் இருவரையும் எடுத்த படத்தில் என் முகத்துக்கு மட்டும் பொறுமையாகப் பென்சில் பூசி, என்னைச் சந்தனக் கட்டையாக்கிவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். உன் அத்தைக்குக் கல்யாணமாகி விழுப்புரம் போனபோது அந்தப் படத்தையும் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினாள். இப்போதும் நீ தினமும் அதன் கீழேதான் சாப்பிடுகிறாய்.

உனக்கு நினைவிருக்காது. பேச்சு வந்த புதிதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். நீ அந்தப் படத்தைப் பார்த்து, "அப்பா, அப்பா" என்று கை தட்டினாய். பிறகு பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இது யாரும்மா?" என்றாய். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைக் காட்டி என்னிடமே யார் என்று கேட்டாய். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திண்டிவனம் வந்து சேர்ந்ததும் அந்தக் கண்ணாடி பிளேட்டை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பென்சில் அத்தனையும் போகும் வரைக்கும் துடைத்தேன். துடைத்தபோது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மத்தியான வெயிலில் வைத்து அதைப் போட்டேன். அதுதான் நம் ஸ்டுடியோவில், நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிற படம். அதில் இருக்கிறவளை நீ ஒருநாளும் யார் என்று கேட்டதில்லை. இப்போது சொல், அஞ்சலைக்கு நான் பென்சில் பூச வேண்டுமா? நாளைக்கு உன் பிள்ளை அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்க வேண்டுமா?

அவள் படம் எடுக்க வந்த அன்றைக்கும் நீ இல்லை. கிளியனூரிலிருந்து அவளும் அவள் அப்பாவும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டியிலேயே வந்து இறங்கினார்கள். அசையாமல் உட்கார் என்றால் உட்கார்ந்தாள், முகத்துக்குப் பவுடர் போடட்டுமா என்று உன் அப்பா கேட்டதற்கு, "இன்னாத்துக்குங்க? வேர்த்தா வழியும்" என்றாள். படம் எடுத்து முடித்ததும் மாடிக்கு என் பின்னாலேயே ஏறி வந்தாள். வெயிலில் வைத்திருந்த சட்டத்தின் பின்பலகையைத் திறந்து, காகிதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் பார்த்தபோது அவளும் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, வெயில்ல நின்னா நாங்கதான் கருத்துப்போவோம். ஒங்க காயிதமும் கருத்துப்போவுதே. அப்ப அதுவும் எங்காளுதான்" என்றாள்.

அவள் சிரித்துவிட்டுக் கீழே போய்விட்டாள். நான் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் இந்த மாடியில் நின்றவளுக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. இந்தக் காகிதத்தில் எங்கே வெளிச்சம் அதிகமாகப் பட்டதோ அங்கேதான் கறுப்பு. வெளிச்சமே படாத இடம்தான் வெள்ளை. கறுப்பு என்றால் இருட்டு என்று ஊர் சொல்கிறது, என் காகிதம் அப்படிச் சொல்லவில்லை. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அடிப்பிடித்த சோற்றைச் சாப்பிட வைப்பதற்காகச் சொல்கிற சமாதானம் அது. எனக்கும் அஞ்சலைக்கும் சமாதானம் தேவையில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. என் குஞ்சு நீதானடா. உன் நிறம் என்ன, கண்ணாடியில் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறிக் கிளியனூர் போய் இறங்கியது. குழாயடிச் செய்தி எப்படியும் அவர்கள் காதுக்குப் போகும். அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவள் அப்பா, "வாங்க சம்பந்தியம்மா" என்று மோர் கொடுத்தார். சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்துகொண்டே போனது. அஞ்சலை களத்தில் மல்லாட்டையைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு என் மூஞ்சப் பாத்தாராம்மா?" என்றாள்.

"இல்லம்மா. அவன் வர்றதுக்குள்ள படம் கருத்துப்போச்சி."

"பாக்காமயே எழுதிட்டாரா?"

நான் என்ன சொல்வது? பெற்றவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை நான் சுலபத்தில் மன்னிக்க மாட்டேன்.

"அவரு போட்டோ ஒண்ணு அதே மாதிரி அரைவேக்காடாப் போட்டு எடுத்துக்கினு வாங்கம்மா. நானும் வெளிய வெச்சிப் பாக்கறேன்" என்றாள்.

அவள் அப்பா, "இன்னா பேச்சும்மா இது" என்று அதட்டினார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்தபோது ரயில்வே கோட்டுப் போட்டு, கன்னத்தில் கை வைக்காதே என்று அப்பா அதட்டி எடுத்தாரே, அந்த பிளேட்டை இன்று காலையில் தேடி எடுத்தேன். ஹைப்போ வந்துவிட்டது, டப்பா என் எதிரிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. உன்னை வெயிலில் காகிதத்தில் போட்டு, வெறும் தண்ணீரில் அலசி, கறுப்புக் காகிதத்தில் சுற்றி, மறுபடியும் பஸ் ஏறினேன்.

அவள் உன்னை வாங்கிக் களத்துக்கு நடுவே, காய்கிற மல்லாட்டையின் மேல் மல்லாத்தி வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்தாள். நானும் பார்த்தேன். முதலில் நீ செக்கச்செவேல் என்று இருந்தாய். பிறகு சட்டைக் காலர் மங்கியது. நெற்றி போனது, கன்னம் போனது. மூக்கு கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றது, அது உன் அப்பா வீட்டு மூக்கு. கடைசியில் கோட்டு எது, முகம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமானது. அவள் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தைத் தட்டி என் கையில் கொடுத்தாள்.

"முழுசாக் கருத்துட்டாரும்மா" என்றாள். பிறகு, "ஆனா நான் பாத்துட்டேன். நான் வேணாம்னு சொல்லலன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு. அஞ்சலையின் படத்தை உச்சி வெயிலில் போட்டு, ஹைப்போவில் நன்றாக ஊறவைத்து, ஸ்டுடியோவில் என் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். இனி எந்த வெளிச்சமும் அதை ஒன்றும் செய்யாது. அதை விழுப்புரத்துக்கு அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமானால் உன் ஆபீசில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு நீ வா. வந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் பஸ் ஏறிக் கிளியனூர் போய், பட்டப்பகலில், அந்தக் களத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். உனக்காக இன்னொரு முறை என்னால் அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. பெண்ணின் அப்பாவிடம், என் மகன் வந்து பதில் சொல்வான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு, களத்தில் கறுத்த உன் காகிதத்தையும் வைத்திருக்கிறேன். இதைச் சுற்றி அனுப்பவில்லை, இனிமேல் கறுப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. உன் அத்தையிடம் கொடு. வாசலில் வைத்துப் பார்க்கட்டும். எதிர்வீட்டுக்கும் குழாயடிக்கும் கொடுத்தனுப்பு. இது யார் என்று யாராவது கேட்டால், மாப்பிள்ளை என்று சொல்.

உன் அம்மா